கல்லுத்தானே என்று சொன்னேன்

கனகராயன்குளம்,
ஆவணி மாதம்.

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். அம்மாவின் முழங்கால் நோ இப்போது குறைவு. கிணற்றில் தண்ணீர் நன்றாகக் கீழே போய்விட்டது, என்றாலும் வீட்டுப்பாட்டுக்குக் காணும். ஞாயிற்றுக்கிழமை தோறும் வட்சப்பில் முகம் பார்த்துக் கதைக்கிற காலத்தில் அப்பா ஏன் கடிதம் எழுதுகிறார் என்று யோசிப்பாய். சொல்ல வேண்டிய ஒன்றைப் பல ஞாயிறுகளாகச் சொல்லாமல் விட்டுவிட்டேன். உன் முகத்தைக் கண்டதும் மழை, வெயில், மருமகனின் வேலை என்று கதை வேறு பக்கம் போய்விடுகிறது. பேனையைப் பிடித்தால் அப்படித் தப்ப முடியாது.

மேசையில் எனக்கு முன்னால் ஒரு கல் இருக்கிறது. அது உன்னுடையது. பெரிய நெல்லிக்காய் அளவு. ஒரு பக்கத்தை மட்டும் நிலத்திலிருந்து எடுத்தபடியே விட்டிருக்கிறார்கள். சாம்பல் படிந்த நீலம், சொரசொரப்பு, இரண்டு மூன்று காக்காப்பொன் துணுக்குகளும் ஒட்டியிருக்கின்றன. மற்றப் பக்கமெல்லாம் பொலிஷ் பண்ணியது. மோதிரத்துக்கோ பதக்கத்துக்கோ பட்டை தீட்டவில்லை. கல்லைக் கல்லாகவே வைத்துப் பார்க்கிறவர்களுக்காகச் செய்தது. பார்த்தவுடன் உன் ஞாபகம்தான் வந்தது.

வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போயிருந்தேன். என்னிடம் படித்த பெடியன் ஒருவன் கூட்டத்துக்குள் என்னைக் கண்டுபிடித்து வந்தான். பத்து வருடமாகப் பேருவளையில் கல் பொலிஷ் பண்ணுகிற பட்டறை ஒன்றில் வேலையாம். அங்கே இரத்தினபுரிக் கல் மட்டும் வருவதில்லை. மடகஸ்கார், தன்சானியா என்று ஆபிரிக்கக் கல்லெல்லாம் வந்து குவிகிற சந்தை அது. பையிலிருந்து கடதாசிப் பொட்டலம் ஒன்றை எடுத்து, "சேர், இது மடகஸ்கார் அயலைட், நீல ஊதாக் கல். உள்ளுக்க வெடிப்பு இருக்கு, நகைக்குச் சரிவராது எண்டு முதலாளி எனக்கே தந்திட்டார். நான்தான் பொலிஷ் பண்ணினனான். நீங்கள் வைச்சிருங்கோ" என்றான். அவனுக்கு நான் ஒன்பதாம் ஆண்டில் பாறை வகைகள் படிப்பித்தேனாம். அதைக் கேட்டு எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. தீப்பாறை, அடையற்பாறை, உருமாறிய பாறை என்று கரும்பலகையில் எழுதிப் போட்டு முப்பது வருடம் படிப்பித்தேன். ஒருநாளாவது ஒரு கல்லை வகுப்புக்குக் கொண்டுபோகவில்லை.

வீட்டுக்கு வந்து விறாந்தையில் இருந்து கல்லை வெளிச்சத்துக்குப் பிடித்தேன். நாவற்பழம் தின்ற பிள்ளையின் நாக்கில் ஒரு நிறம் இருக்குமே, ஊதாவும் நீலமும் கலந்தது, அந்த நிறம். விரலால் கல்லைக் கொஞ்சம் உருட்டினேன். நிறம் போய்விட்டது! நீலம் போட்டு அலசின வெள்ளைச் சட்டை மாதிரி வெளிறிய நீலம் மட்டும் நின்றது. இன்னொரு பக்கம் திருப்பினால் அதுவும் இல்லை, தண்ணீர் கூடின பிளேன்ரீ. கண்ணில்தான் ஏதோ கோளாறு என்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பவும் பார்த்தேன். ஒரே கல்லுக்குள் மூன்று நிறம், பார்க்கும் திசைக்கு ஒன்றாக. உனக்கு இது முதலாம் வருடப் பாடமாக இருந்திருக்கும். பிளியோகுரோயிசம் என்ற சொல்லை நான் அறுபத்தெட்டு வயதில்தான் எழுத்துக்கூட்டிப் படித்தேன்.

சாமான் வாங்க வவுனியாவுக்குப் போன நாளில் ஒரு நகைக்கடையில் காட்டினேன். கடைக்காரர் கல்லைக் கையில் எடுத்து ஒரு நிமிடமும் பார்க்கவில்லை. "கண்ணாடி மாஸ்டர், ஆரோ உங்களை ஏமாத்திப் போட்டாங்கள்" என்று திருப்பித் தந்துவிட்டார். பக்கத்தில் நின்ற ஒருவர், இது நீலக்கல், சனிதோசத்துக்கு மோதிரம் போடலாம் என்றார். இரண்டில் எது சரி என்று அறியாமல் எனக்கு நித்திரை வரவில்லை. கண்ணகி சிலம்பை உடைத்துத்தான் உள்ளே மாணிக்கம் என்று காட்டினாள். உடைக்காமல் அறிய வழி இருக்கிறதா என்று யோசித்தபோது ஆர்க்கிமிடீஸ் கைகொடுத்தார். அவரையும் நான் முப்பது வருடம் படிப்பித்தவன்தானே.

உன் தங்கச்சி கேக் அடிக்க ஒரு சின்ன மின்தராசு வாங்கி வைத்திருக்கிறாள். கிராமில் பத்தில் ஒன்று வரை காட்டும். கல்லைச் சவர்க்காரம் போட்டுக் கழுவித் துடைத்து வைத்தேன்: 42.6 கிராம். பிறகு தராசில் ஒரு கிளாஸ் தண்ணீர் வைத்து, எண்ணைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்து, கல்லைத் தையல் நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் முட்டாமல் தண்ணீருக்குள் தொங்கவிட்டேன். கை நடுங்கினதால் எண் ஓடித் திரிந்தது. பிறகு நூலைக் கதிரைக் கைப்பிடியில் கட்டிவிட்டு மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தேன். 16.4 என்று நின்றது. அது கல் இடம்பெயர்த்த தண்ணீரின் நிறை. 42.6ஐ 16.4ஆல் வகுத்தால் ஏறத்தாழ 2.6. அதே கனவளவு தண்ணீரைவிடக் கல் அத்தனை மடங்கு பாரம், அதுதான் தன்னீர்ப்பு. நீலக்கல்லின் தன்னீர்ப்பு 4. இது நீலக்கல்லாக இருந்திருந்தால் தராசு 10.6 அளவில் காட்டியிருக்க வேண்டும். தன்சனைட் என்றால் 12.7. இரண்டும் இல்லை.

தன்சனைட்டை ஏன் இழுக்கிறேன் என்றால், நிறத்தைப் பார்த்து அந்தப் பெயர் சொன்னவர்களும் உண்டு. அதுவும் நீல ஊதாதான், அதுவும் திருப்பத் திருப்ப நிறம் மாறும். ஆனால் உலகத்தில் ஒரே இடத்தில்தான் அது தோண்டப்படுகிறது: தன்சானியாவில் அருஷாவுக்குப் பக்கத்து மெரெலானிக் குன்றுகள். 1967இல் கண்டெடுத்தார்கள், அடுத்த வருடம் நியூயோர்க்கின் டிஃபனி நகைக்கடை நாட்டின் பெயரையே கல்லுக்கு வைத்தது. மண்ணுக்குள் இருந்து வரும்போது பெரும்பாலும் பழுப்பு. சூளையில் சூடாக்கித்தான் நீலமாக்குகிறார்கள். அயலைட்டுக்கு அந்தச் சூடு தேவையில்லை. கையில் இருக்கிற இந்த நிறம் அது பிறந்த நிறம். இது எனக்குப் பெரிய விசயமாகத் தெரிகிறது.

2.6 என்பது மட்டும் போதாது. செவ்வந்திக்கல்லும் கிட்டத்தட்ட அதே கணக்குத்தான், கண்ணாடியிலும் அந்தப் பாரத்தில் கிடைக்கும். நிறம் மாறுவதுதான் கடைசிச் சாட்சி. கண்ணாடியை எப்படித் திருப்பினாலும் ஒரே நிறம். செவ்வந்திக்கல்லில் மாற்றம் மிகக் கொஞ்சம். மருமகன் போனமுறை விட்டுப்போன கறுப்புக் கண்ணாடி அலுமாரியில் இருந்தது, ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடுகிற முனைவாக்கிய கண்ணாடியாம். அதைக் கல்லுக்கு முன்னால் பிடித்து மெல்லச் சுற்றினேன். கல்லை அசைக்கவே இல்லை. நாவற்பழ நிறம் வந்தது, வெளிறி மஞ்சளானது, திரும்பவும் வந்தது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அடுப்பில் கறியை விட்டுவிட்டு வந்தவள் நாலைந்து தரம் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "இது பிள்ளைக்குத்தான்" என்று அவள்தான் முதலில் சொன்னாள்.

அவள் அதைச் சொன்னதும் நான் பேசாமல் எழும்பிப் பின்பக்கம் போய்விட்டேன். இனித்தான் மகள் நான் சொல்ல வந்த கதை.

ஏழு வயதிலிருந்து நீ கல் பொறுக்கினாய். கோடையில் கனகராயன் ஆறு வற்றினால் உன்னை வீட்டில் பிடிக்க முடியாது. வெள்ளைப் பளிங்குக் கல், காக்காப்பொன் தகடு, சிவப்புப் புள்ளி போட்ட கருங்கல், பழுதான ரேடியோவின் காந்தத்தில் ஒட்டுகிற ஒரு கறுப்புக் கல். ஒவ்வொன்றையும் கொப்பித் தாளில் சுற்றி, எடுத்த இடமும் திகதியும் எழுதி, அங்கர் ரின்னுக்குள் அடுக்கி வைப்பாய். 2008 கடைசியில் வெளிக்கிட்டபோது ரின்னைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாய். வேண்டாம் என்றேன். அரிசியும் தறப்பாளும் ஏற்றவே லாண்ட்மாஸ்டரில் இடமில்லை. அதில் நான் பிழை செய்ததாக நினைக்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் நாங்கள் இரண்டு பேரும் அறிந்தது. அதை இங்கே எழுதவில்லை. முட்கம்பிக்குள் இருந்த அந்த முகாமின் பெயரிலேயே மாணிக்கம் இருந்தது, மெனிக் பாம். சிங்களத்தில் மெனிக் என்றால் மாணிக்கம் என்று எனக்கு அங்கே சொல்லித் தந்தது நீதான்.

2010இல் திரும்பி வந்தபோது வீட்டில் கூரை இல்லை. கதவு, யன்னல், நிலை, கிணற்றுக் கப்பி, வாசற்படிப் பலகை வரை ஒன்றும் இல்லை. உன் ரின் கறள் பிடித்துப் பிளந்து கிடந்தது, ஆனால் கற்கள் ஒன்றும் குறையவில்லை. கல்லை ஆர் எடுப்பார்கள்? தாளையெல்லாம் கறையான் தின்றிருந்தது. அடுத்த நாள் முழுக்க நீ பாலை மரத்தடியில் இருந்து, ஒவ்வொரு கல்லாகக் கையில் எடுத்து, "இது மருத மரத்தடி, இது வெடிவைத்தகல்லு, இது பெரியம்மா வீட்டுக் கிணறு வெட்டேக்க எடுத்தது" என்று ஞாபகத்திலிருந்தே எழுதினாய். பதினாலு வயது உனக்கு. அன்று உன்னைப் பார்த்துக்கொண்டே வேலி அடைத்தவன் நான். அதனால்தான் அதற்குப் பிறகு நான் செய்தது இன்றும் உறுத்துகிறது.

2012இல் வீட்டுத்திட்டம் வந்தது. 550,000 ரூபாய், கட்டம் கட்டமாக. அத்திவாரத்தை முடித்துக் காட்டினால்தான் அடுத்த காசு. சல்லியும் மணலும் விலையேறி, அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போய், பின் குந்துக்குக் கொங்கிறீற் போடுகிற அன்று சல்லி முடிந்துவிட்டது. "மாஸ்டர், இன்னும் ஒரு வாளி கிடைச்சால் இண்டைக்கே முடிச்சிடலாம்" என்றார் மேசன். குழைத்த சீமெந்து இறுகிக்கொண்டிருந்தது. நான் உள்ளே போய், உன் கற்கள் இருந்த உரப்பையைத் தூக்கிவந்து, தாள்களை உதறிவிட்டுக் கொட்டினேன். பள்ளிக்கூடம் விட்டு நீ வந்தபோது மேசன் மட்டப்பலகை பிடித்துக்கொண்டிருந்தார். நீ வெறும் பையைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய். "கல்லுத்தானே மகள், ஆத்தில கிடக்குது" என்றேன். நீ அழவில்லை. "அதுகளில இடம் எழுதியிருந்தனான் அப்பா" என்று மட்டும் சொன்னாய்.

காசில்லை, சீமெந்து இறுகினது என்பதெல்லாம் காரணம், நியாயம் ஆகாது. அயல் வளவில் ஓட்டுத்துண்டு கிடந்தது, கேட்டிருக்கலாம். அடுத்த நாளைக்கு விட்டிருக்கலாம். எனக்கு அது கல்லாகத் தெரிந்தது, உன் வேலையாகத் தெரியவில்லை. அதற்குப் பிறகு நீ ஒரு கல்லும் வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை என்பதையும் கவனித்தேன். பேராதனையில் எடுக்கப்போவது புவியியல் அல்ல, பாறைகளைப் படிக்கிற புவிச்சரிதவியல்தான் என்று நீ சொன்ன அன்று, மன்னிப்புக் கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன் மகள். அப்பாவை மன்னித்துக்கொள்.

இந்தக் கல்லை நான் அதற்கு ஈடாகத் தரவில்லை. அந்தக் கற்களுக்கு ஈடு இல்லை. நீ அந்த வயதில் பார்த்ததை இந்த வயதில் நானும் பார்க்கத் தொடங்கினேன், அதைச் சொல்லத்தான் இந்தக் கல்.

இந்த மூன்று மாதமும் படித்ததில் சிலதை எழுதுகிறேன், பிழை இருந்தால் திருத்து. இதன் கனிமப் பெயர் கோர்டியரைட். கோர்டியே என்ற பிரெஞ்சுப் புவிச்சரிதவியலாளரின் பெயர். மகனீசியம், அலுமினியம், சிலிக்கன், ஒட்சிசன் சேர்ந்தது, கொஞ்சம் இரும்பும் உண்டு. அந்தக் கொஞ்ச இரும்புதான் நிறம் தருகிறது. இரண்டு விதமான இரும்பு அயன்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்க, ஒன்றிலிருந்து மற்றதுக்கு இலத்திரன் தாவுகிறது. அந்தத் தாவலுக்கு வேண்டிய ஒளியைக் கல் எடுத்துக்கொள்ள, மிச்சம் நீலமாக வெளியே வருகிறது. தாவல் எல்லாத் திசையிலும் நடக்காது. அதனால்தான் ஒரு பக்கம் நாவற்பழம், ஒரு பக்கம் பிளேன்ரீ. பெடியன் அதைத் தெரிந்துதான் மிகப் பெரிய முகத்தை நாவற்பழப் பக்கம் வைத்துப் பொலிஷ் பண்ணியிருக்கிறான். கெட்டிக்காரன்.

அணுக்கள் வளையம் வளையமாக அடுக்கி, நடுவே குழாய் மாதிரி வெளி இருக்குமாம். அந்தக் குழாய்களுக்குள் தண்ணீர் மூலக்கூறுகளும் காபனீரொட்சைட்டும் அடைபட்டிருக்கும். கல் பிறந்த காலத்துக் காற்றும் தண்ணீரும்! அதைப் படித்த இரவு விளக்கை அணைத்துவிட்டுத் திரும்பவும் எழும்பிவந்து கல்லைப் பார்த்தேன்.

நான் உன்னோடு கதைக்க ஆசைப்படுவது வன்னியைப் பற்றி. இலங்கையின் பழைய பாறைகளைப் பிரித்தவர்கள் ஒரு பிரிவுக்கு வன்னித் தொகுதி என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். முன்பு அதை விஜயன் தொகுதியோடு சேர்த்துச் சொன்னார்களாம், 1991இல் குரோனர், குரே, விதானகே மூவரும் எழுதின பிரிப்பில் தனியாக நிற்கிறது. குருநாகல் பக்கம் வரை அந்தத் தொகுதி போகிறது, பெயர் மட்டும் எங்கட பெயர். நீ பேராதனையிலிருந்து லீவில் வந்தபோது இதைச் சொல்லியிருப்பாய், நான்தான் காதில் போட்டிருக்க மாட்டேன். அந்தத் தொகுதிப் பாறைகளில் கோர்டியரைட் கொண்ட நைஸ் என்ற உருமாறிய பாறை உண்டு என்றும் படித்தேன். நகைக்கு ஆகாத, பாறையோடு பாறையாகக் கலந்த கோர்டியரைட். இரத்தினக்கல் தரமானது சப்ரகமுவப் பக்கத்துச் சரளையில் வரும்.

ஏறத்தாழ 55 கோடி வருடத்துக்கு முன், நிலத்துண்டுகள் ஒட்டிக் கோண்டுவானா என்ற பெருங்கண்டம் ஆன காலத்தில், இலங்கையும் மடகஸ்காரும் பக்கத்துப் பக்கத்து நிலமாக இருந்து ஒரே சூட்டிலும் அழுத்தத்திலும் வெந்தவையாம். அப்படியென்றால் கப்பலில் வந்த இந்தக் கல் எங்கட கருங்கல்லுக்கு அயலட்டை, ஒரே அடுப்பில் வெந்தது. நான் நினைப்பது சரிதானா என்று நீதான் சொல்ல வேண்டும்.

நீ இருக்கிற நோர்வேயிலும் கிரகேரோக் கரையோரம் கோர்டியரைட் இருக்கிறதாமே. உன் வீட்டிலிருந்து எத்தனை மணித்தியால ஓட்டம்? 1967இல் ராம்ஸ்கோ என்ற டென்மார்க் தொல்லியலாளர், வைக்கிங்குகள் என்ற அந்தக் காலத்து வடநாட்டுக் கடலோடிகள் முகில் மூடின நாளில் சூரியன் இருக்கும் திசையை இப்படிப்பட்ட கல்லால் அறிந்திருப்பார்கள் என்று எழுதினார். அது நடந்ததற்குச் சான்று இன்னும் இல்லை, கருத்துத்தான். என்றாலும் பொழுதுபடும் நேரம் முற்றத்தில் நின்று, கல்லின் மெல்லிய ஓரத்தை உச்சி வானத்துக்குப் பிடித்து மெதுவாகத் திருப்பினேன். நிறம் கொஞ்சம் மாறத்தான் செய்தது. கண்ணாடி ஒன்றும் இல்லாமல், வெறும் வானத்தாலே. நீ சுரங்கப்பாதைப் பாறையோடு வேலை செய்கிறவள், மேலே வானம் பார்க்கிற வேலை இல்லை. ஒரு ஞாயிறு கிரகேரோவுக்குப் போய்ப் பார்.

கல்லை ஆரிடமும் கொடுத்து அனுப்பவில்லை. நாட்டை விட்டுக் கொண்டுபோக முறையான கடதாசி வேண்டும், அதைக் கொழும்பில் எடுக்கலாம் என்று பெடியன் சொன்னான். மார்கழியில் நீ வரும்போது கூடவே போய் எடுப்போம். அதுவரை பஞ்சில் சுற்றி என் மேசை லாச்சிக்குள் இருக்கும். கடினம் பத்தில் 7க்குக் குறையாது, இலகுவில் கீறு விழாது. ஆனால் உள்ளே வெடிப்பு ஓடுகிறது, விழுந்தால் பிளக்கும். உன் தங்கச்சியின் சின்னவனுக்குக் கையில் கொடுப்பதில்லை, என் மடியில் இருத்தித்தான் காட்டுகிறேன். "தாத்தா, நாவப்பழத்தக் காட்டு" என்று தினமும் வருகிறான்.

பஞ்சுக்குள் ஒரு துண்டுத் தாளும் வைத்திருக்கிறேன். கோர்டியரைட், மடகஸ்கார், 42.6 கிராம், பொலிஷ் பேருவளையில், கிடைத்தது வற்றாப்பளையில். திகதியும் எழுதியிருக்கிறேன். நீ எழுதுகிற மாதிரியே, கொப்பித் தாளில்.

இன்னொன்று. பின் குந்தின் மேற்கு மூலையில், தண்ணீர் வாளி வைத்து வைத்துச் சீமெந்துப் பூச்சுத் தேய்ந்துவிட்டது. போன மாதம் கூட்டும்போது பார்த்தேன், உன் வெள்ளைப் பளிங்குக் கல் ஒன்று வெளியே தெரிகிறது. ஒரு பக்கம் காக்காப்பொன் ஒட்டின அந்தக் கல். பக்கத்திலேயே சிவப்புப் புள்ளிக் கருங்கல்லின் விளிம்பும் தெரியத் தொடங்கியிருக்கிறது. உளியால் கிண்டி எடுக்கலாமா என்று பார்த்தேன், உடைந்துவிடுமோ என்று பயமாக இருந்தது. நீ வந்து பார்த்துச் சொல். ஐப்பசி மழைக்கு முன் குந்தைப் பூச மேசன் வருகிறார். அந்த மூலையைப் பூச வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா